சதுர அடைப்புக்குள் ஓர் அத்தை

பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்ற அத்தை, வீட்டோடு வந்த பிறகும் ஓயவில்லை. காலையில் மகன் குளித்துவிட்டு வெளியே வந்தால் கூடத்திலிருந்து குரல் எழும்: “கவனிக்கவும். குளியலறை காலியாகிவிட்டது. அடுத்துச் செல்ல வேண்டியவர் துண்டுடன் தயாராக இருக்கவும்.” பால்காரர் வரத் தாமதமானால், “ஆறு பத்துக்கு வர வேண்டிய பால் பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது” என்பாள். கல்யாணமான புதிதில் மருமகளுக்கு ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போட்டது. நாலாவது மாதம் பழகிவிட்டது. ஐந்தாவது மாதத்தில், அத்தை அறிவிக்காமல் அவளுக்குத் துண்டை எடுக்கவே கை வரவில்லை.

மருமகள் கணினி நிரல் எழுதுகிறவள். சம்பளத்துக்கு ஒரு கம்பெனி வேலை இருந்தது. அது போக, சும்மா எழுதி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டிருந்த ஒரு சின்ன பேக்கேஜும், அதாவது மற்ற நிரல்களோடு சேர்ந்து ஓடும் ஒரு குட்டி நிரலும், இருந்தது. அதன் பெயர் ‘வரிசை’. டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கும் இடங்களில் அடுத்த எண் எது, எந்தக் கவுண்டருக்குப் போக வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அந்த வேலையை ஒழுங்காகச் செய்ததால் ஆஸ்பத்திரி, பல் டாக்டர், உரிமம் கொடுக்கிற அலுவலகம் என்று எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு உதவியாக இன்னொருவரும் அதைப் பராமரித்தார். முகம் பார்த்ததில்லை, அவருடைய படத்தில் தாடி மட்டும்தான் தெரியும். அதனால் வீட்டில் அவருக்குத் ‘தாடி’ என்று பெயர்.

ஒரு நாள் யாரோ எழுதிக் கேட்டார்கள்: எண்ணைத் திரையில் காட்டுகிறது சரி, வாய்விட்டுக் கூப்பிடவும் ஏதாவது வழி உண்டா? மருமகள் தலையைத் தூக்கிக் கூடத்தைப் பார்த்தாள். அத்தை ஜன்னல் பக்கம் நின்று, மழை வரப்போவதைத் தெருவுக்கு அறிவித்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, உங்க குரல்ல கொஞ்சம் நம்பர் பதிவு பண்ணித் தர்றீங்களா?”

“எத்தனை நம்பர்?”

“சைபர்லேர்ந்து ஒன்பது வரைக்கும் போதும். மிச்சத்தை நான் ஒட்டிக்கறேன்.”

அத்தையின் முகம் சுருங்கியது. “இருநூறு தனி, பன்னெண்டு தனின்னு வெட்டி ஒட்டினா அதுக்குப் பேர் அறிவிப்பா? ஒரு நம்பருக்கு ஒரு மூச்சு. உனக்கு எத்தனை வேணும் சொல்லு, முழுசா சொல்லித் தரேன்.”

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வேண்டியிருந்தது, கவுண்டர் எண்கள் தனி. பதினோரு நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அலமாரிக்குள் போர்வைகளைத் தொங்கவிட்டு அதற்குள் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து அத்தை சொன்னாள். மருமகள் நடுவில் ஒரு முப்பதைக் கேட்டுப் பார்த்து, அற்புதம் என்று முடிவு கட்டி, மீதியைக் கேட்காமலே சேர்த்துவிட்டாள். அங்கேதான் சறுக்கினாள். முப்பத்தோரு வருஷப் பழக்கம், அத்தையால் வெறும் எண்ணோடு நிறுத்த முடிந்ததில்லை. அலமாரிக்குள் இருட்டில் அவள் கண்முன் பயணிகள் வந்துவிட்டார்கள். “நூத்தி எண்பது. நூத்தி எண்பது, காதுல விழலையா?” என்று ஒன்று. “நானூத்தி ஏழு. ஓடாதே, வண்டி நிக்கும்” என்று ஒன்று. இப்படி இருநூறுக்கு மேல்.

பதிவுகள் மொத்தமும் யானை கனம் கனத்தன. ‘வரிசை’ அதன் முன்னால் எலிக்குஞ்சு. குரல் தேவைப்படாதவர்கள் தலையில் இதைக் கட்டுவது நியாயமில்லை என்று மருமகள் யோசித்தாள். ஒரு பேக்கேஜை வெளியிடும்போது கூடவே ஒரு விவரக் கோப்பு போகும். இதன் பெயர் இது, பதிப்பு இது, இது ஓடுவதற்கு இன்னின்ன பேக்கேஜ்கள் கட்டாயம் வேண்டும் என்று அதில் எழுத வேண்டும். கட்டாயம் இல்லாதவற்றை, விருப்பப்பட்டால் சேர்ப்பவை என்று தனித் தலைப்பில் போட்டு, ஆளுக்கொரு பெயர் வைக்கலாம். வேண்டியவர்கள் அந்தப் பெயரை ‘வரிசை’க்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதிக் கேட்டால் அதுவும் சேர்ந்து இறங்கும். பெயரில் ஆங்கில எழுத்துதான் செல்லும். மருமகள் ஆசையாக, ஒரு வினாடியில், ஏ, டி, டி, ஏ, ஐ என்று தட்டினாள். அத்தை என்றுதான் நினைத்துத் தட்டினாள்.

அன்று சாயங்காலம் மகன் கடையிலிருந்து வந்தான். அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. நாள் முழுக்க மற்றவர்களைப் பொடி எழுத்து வாசிக்கச் சொல்லிச் சொல்லி, கண்ணில் பட்ட எதையும் சத்தமாக வாசிக்கிற வியாதி அவனுக்கும் தொற்றியிருந்தது.

“டேய், என் பேரை அதுல போட்டிருக்காளாம். என்னன்னு வாசி பார்ப்போம்” என்றாள் அத்தை.

அவன் திரைக்கு முன் குனிந்தான். “கட்டாயம் தேவை... நீ இதுல இல்லம்மா. இதோ. விருப்பம் இருந்தால் மட்டும்... அட்டை.”



“அட்டையா? ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்குமே, அந்த அட்டையா?”

“ஐயோ, அது அத்தைங்க!” என்று மருமகள் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். “இங்கிலீஷ் எழுத்துல அப்படித்தான் வரும்.”

“அப்படித்தான் வருமா. சரி. அது என்ன, விருப்பம் இருந்தால் மட்டும்?”

“அதாவது அத்தை, எல்லாருக்கும் நீங்க தேவைப்பட மாட்டீங்க...”

சொல்லி முடிப்பதற்குள்ளேயே தான் சொன்னது தன் காதில் விழுந்து மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சமாளிக்கலாம் என்று மேலும் ஒரு வாக்கியம் பேசினாள். அது இன்னும் மோசம். “வேணுங்கறவங்க உங்களை ஒரு சதுர அடைப்புக்குள்ள போட்டுக் கேட்டுக்குவாங்க.”

“அடைப்புக்குள்ள,” என்றாள் அத்தை. எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய சத்தம்கூடக் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை வீட்டில் எந்த அறிவிப்பும் இல்லை. மகனும் மருமகளும் ஆளுக்கொரு துண்டுடன் குளியலறை வாசலில் இருபது நிமிடம் நின்றார்கள். உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தபோது கடை திறக்கும் நேரம் தாண்டியிருந்தது. பால் வந்ததும் தெரியவில்லை, பொங்கியதும் தெரியவில்லை. பத்து மணிக்கு மகனின் அக்கா வெளியூரிலிருந்து போன் செய்தாள். விஷயம் அங்கே எப்படிப் போயிருந்ததோ.

“அம்மாவை விருப்பம்னு போட்டியாமே?”

“அண்ணி, அது பேக்கேஜுல...”

“எதுல வேணா இருக்கட்டும். என் மாமியாரோட எனக்கு ஆகாது, ஊருக்கே தெரியும். அதுக்காக நான் எங்கயாவது எழுதிக் கொடுத்தேனா?”

மருமகள் அன்றைக்கே எழுத்தைத் திருத்தினாள். ஒற்றை ‘டி’ போட்டு ஒரு ‘ஹெச்’ சேர்த்தால் ‘அதை’ என்று படித்துவிடுவார்கள் என்று பயந்து, இரண்டு ‘டி’, இரண்டு ‘ஹெச்’ போட்டு, யார் படித்தாலும் அத்தையைத் தவிர வேறு எதுவும் வாயில் வராதபடி செய்தாள். பழைய பெயரை ஒரேயடியாக அழித்துவிட்டுப் புதுப் பதிப்பை வெளியிட்டாள். திருத்திய பெயரைக் காகிதத்தில் அச்சடித்து அத்தையின் கதவுக்கு அடியில் தள்ளினாள்.

கதவு ஒரு விரல்கடை திறந்தது. “முதல் எழுத்தைப் பெரிசா போடு.”

“போட்டாலும் கம்ப்யூட்டர் எல்லாத்தையும் சின்ன எழுத்தாத்தான் எடுத்துக்கும் அத்தை.”

கதவு மூடிக்கொண்டது.

இதற்கிடையில் பழைய பெயரைச் சொல்லிக் கேட்டிருந்த ஒரு கண் ஆஸ்பத்திரியில், புதுப் பதிப்பு தானாக இறங்கியது. அந்தப் பெயர் இப்போது கோப்பில் இல்லை. இல்லாத பெயரைக் கேட்டால் இன்ஸ்டால் செய்கிற நிரல் சண்டை போடாது. “வரிசையில் அட்டை என்று எதுவும் இல்லை” என்று ஒரு எச்சரிக்கை வரியை எழுதிவிட்டு, தன்பாட்டுக்கு மேலே போய்விடும். அந்த வரியை யார் பார்க்கிறார்கள்? கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு மூடிய கண்களுடன் உட்கார்ந்திருந்த நாற்பது பேர், யாராவது கூப்பிடுவார்கள் என்று மதியம் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

தாடி கொதித்துப்போய் எழுதினார். “ஒரு பெயரை வெளியே விட்டுவிட்டால் அது நம்முடையது அல்ல. பிழையான பெயரானாலும் விட்டுவைக்க வேண்டும். இன்னொன்று. பெயர் என்பது செய்கிற வேலையைச் சொல்ல வேண்டும், ஆளைச் சொல்லக் கூடாது. ‘குரல்’ என்று வைத்திருந்தால் இத்தனை தொல்லை உண்டா? யார் இந்த அத்தை?”

“அத்தை என்பதே ஒரு வேலைதான்” என்று மருமகள் பதில் போட்டாள். போட்ட கையோடு பழைய பெயரையும் திரும்பச் சேர்த்தாள்.

வீட்டில் மௌனம் இரண்டு வாரத்தைத் தொட்டது. மகன் இளைத்துவிட்டான். அவன் அம்மாவின் அறை வாசலில் நின்று கெஞ்சினான், சமாதானம் சொன்னான், ஒரு தடவை தானே அறிவிப்புச் சொல்லிப் பார்த்தான். “குளியலறை... காலி” என்று அவன் சொன்ன விதத்தில் உயிரே இல்லை. கடைசியில் மனைவியிடம் வந்து, “கட்டாயம்னு மாத்திடேன். யாருக்கு என்ன நஷ்டம்?” என்றான்.

தப்பு என்று மருமகளுக்குத் தெரியும். யானையைத் தூக்கி எல்லார் தலையிலும் வைக்கிற காரியம். ஆனாலும் பதினாலு நாளாகக் குளிக்கப் போவதற்கு முன் கதவைத் தட்டிப் பார்த்துத் தட்டிப் பார்த்து அவள் விரல் முட்டி வீங்கியிருந்தது. அத்தையின் பெயரை வெட்டி எடுத்து மேலே, ‘கட்டாயம் தேவை’ என்ற தலைப்புக்குக் கீழே ஒட்டினாள். நாலாம் பதிப்பு வெளியாயிற்று. அத்தை தானே வந்து திரையைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் தனக்கு வாசிக்கத் தெரிந்த அந்த ஒரு வார்த்தையை மூன்று தடவை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“கவனிக்கவும்,” என்றாள். “இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குப் புறப்படும்.”

மகன் அழுதேவிட்டான்.

அடுத்த மூன்று நாளில் ‘வரிசை’ ஓடிய இடத்தில் எல்லாம் அத்தை இறங்கினாள். கேட்டவர்கள், கேட்காதவர்கள் என்று பேதமில்லை. குண்டூசி விழுந்தால் கேட்கிற ஒரு நூலகத்தின் படிப்பறையில், புத்தகம் எடுத்து வைத்திருக்கிறோம் என்று எண்ணைத் திரையில் காட்டிக்கொண்டிருந்த கருவி திடீரென்று வாய் திறந்து, “அறுபத்தி மூணு! எவ்வளவு நேரம் ஒரே இடத்துல உட்கார்ந்திருப்பே?” என்றது. அங்கே ஒன்பது வருஷமாக ஓர் ஆராய்ச்சியை முடிக்காமல் இருந்த ஒருவர், அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு அன்றே முடித்துக் கொடுத்துவிட்டாராம். பல் டாக்டர் ஒருவர் எழுதியிருந்தார்: என் நோயாளிகள் என்னைவிட உங்கள் ஒலிபெருக்கிக்கு அதிகம் பயப்படுகிறார்கள், இது தொழிலுக்கு நல்லதல்ல. 

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது மின்தூக்கிக் கம்பெனியின் புகார். அவர்கள் டோக்கனே கொடுப்பதில்லை. எந்த மாடியில் முதலில் நிற்பது என்று கணக்குப் போட மட்டும் ‘வரிசை’யை உள்ளே வைத்திருந்தார்கள். இப்போது ஒவ்வொரு தடவை நாலாம் மாடியில் கதவு திறக்கும்போதும், “நாலு! இறங்கறவங்க முதல்ல இறங்கட்டும், அப்புறம் ஏறலாம்!” என்று ஒரு குரல் அதட்டியது. “எங்கள் மின்தூக்கியில் எங்களைக் கேட்காமல் ஓர் அம்மையார் ஏறியிருக்கிறார். அவரை இறக்கிவிடும் வழி என்ன?” என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள்.

தாடி இந்தத் தடவை திட்டவில்லை. ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: “நான் ஒரு வாரம் மலைக்குப் போகிறேன்.”

மருமகள் கையைப் பிசைந்தாள். கட்டாயத்தை எடுத்தால் வீடு ஊமையாகும். எடுக்காவிட்டால் உலகம் காதைப் பொத்திக்கொள்ளும். பதிவுகளைக் கேட்டுத் திட்டுகளை மட்டும் வெட்டி எறியலாம் என்று உட்கார்ந்தாள். எண்ணையும் திட்டையும் அத்தை ஒரே மூச்சில் சொல்லியிருந்தாள். வெட்டினால் எண்ணும் பாதியில் அறுந்தது.

இந்த நிலையில்தான் அத்தை ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போக வேண்டி வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் போய், உயிரோடு இருக்கிறேன் என்று காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். மருமகளும் கூடப் போனாள். உள்ளே நுழைந்ததும் நீளமான கூடம். வரிசையாகத் தரையோடு திருகிய நாற்காலிகள். சுவரில் இரண்டு ஒலிபெருக்கிகள். டோக்கன் எண் இருநூற்றுப் பன்னிரண்டு. உட்கார்ந்த மறுவினாடி தலைக்கு மேலிருந்து, “நூத்தி எழுபத்தி ஒண்ணு. கவுண்டர் மூணு” என்று அத்தை கூப்பிட்டாள்.

அத்தை நிமிர்ந்தாள். மருமகளின் தொடையைக் கிள்ளினாள். “நான்தானே?”

“நீங்கதான்.”

“எதிரொலி இல்லாம வருது. பஸ் ஸ்டாண்டுல இந்தத் தெளிவு கிடையாது.” பக்கத்து நாற்காலிப் பெண்மணியிடம் திரும்பி, “குரல் எப்படி இருக்கு?” என்று விசாரித்தாள்.

“கொஞ்சம் அதிகாரம் ஜாஸ்தி” என்றாள் அந்தப் பெண்மணி.

அத்தை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நூற்று எண்பது வரும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தாள். நூற்று எண்பது ஒரு கிழவர். நாலுகால் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு, மடியில் ஒரு கட்டுக் காகிதத்தோடு முன்வரிசையில் இருந்தார். திரையில் எண் வந்ததும் எழுந்திருக்க ஆரம்பித்தார். அது பெரிய வேலை. முதலில் ஊன்றுகோல், பிறகு ஒரு முழங்கால், பிறகு மூச்சு. பாதி எழுந்திருந்தபோது ஒலிபெருக்கி, “நூத்தி எண்பது, காதுல விழலையா?” என்றது.

கிழவர் பதறினார். காகிதங்கள் மடியிலிருந்து சரிந்து தரை முழுக்கப் பரவின. அவர் சுவரைப் பார்த்துக் கைகூப்பி, “விழுந்துதும்மா, விழுந்துது, இதோ வந்துட்டேன்” என்றார்.

அத்தையின் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்ததை மருமகள் பார்த்தாள். அத்தை சட்டென்று எழுந்து போய்த் தரையில் உட்கார்ந்து காகிதங்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். பக்க எண் பார்த்து அடுக்கினாள். ஒன்று நாற்காலிக்கு அடியில் போயிருந்தது. அதைக் குனிந்து எடுத்து, தூசி தட்டி, அவரைக் கவுண்டர்வரை கைத்தாங்கலாகக் கொண்டுபோய் விட்டாள். அவருடைய வேலை முடியும்வரை பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு காகிதமாக எடுத்துக் கொடுத்தாள். அது முடிவதற்குள் மற்ற கவுண்டர்களில் வரிசை ஓடிவிட்டது.

திரையில் இருநூற்றுப் பன்னிரண்டு, கவுண்டர் இரண்டு என்று வந்தது.

அத்தை கிழவரின் காகிதங்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“இருநூத்திப் பன்னெண்டு! எத்தனை தடவை கூப்பிடறது? உட்கார்ந்த இடத்துல வேர் விட்டாச்சா?”

“வரேங்கறேன்ல!” என்று அத்தை சுவரைப் பார்த்துக் கத்தினாள். “கையில வேலை இருக்கறது தெரியல? கண்ணு எங்க வெச்சிருக்கே?”

சுவரிலிருந்து வந்த அதே குரல், அதே ஏற்ற இறக்கத்தோடு, தரையில் நிற்கிற ஓர் அம்மாளிடமிருந்தும் வந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இரண்டாம் கவுண்டர் குமாஸ்தா எழுந்தே நின்றுவிட்டார்.

அத்தை முன்னால் போய் நின்றதும் அவர் படிவத்தை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். “அம்மா, விதிப்படி உயிரோட இருக்கறவங்க என் முன்னாடி வந்து பேசணும்.”

“பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்?”

“அதான் பிரச்சனை. இந்தக் குரல் காலையிலேர்ந்து பேசுது. அதுக்கு நான் சான்று கொடுக்க முடியாதே. பேசறது நீங்களா, அதுவான்னு எனக்கு எப்படித் தெரியும்? பதிவுல இல்லாத எதையாவது சொல்லுங்க.”

அத்தை அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். “உன் சட்டைப் பொத்தானை ஒண்ணு தள்ளி மாத்திப் போட்டிருக்கே, தம்பி.”

குமாஸ்தா குனிந்து பார்த்தார். ஒலிபெருக்கியை ஒரு நிமிடம் உற்றுக் கவனித்தார். அது பொத்தானைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. திருப்தியாகி முத்திரை குத்தினார்.

வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது, வந்துபோன இரண்டு வண்டிகளை அத்தை அறிவிக்கவில்லை. அடுத்த மௌனம் ஆரம்பமாகிறதோ என்று மருமகள் பயந்தாள். மன்னிப்புக் கேட்கலாமா, எதற்கென்று கேட்பது, எழுத்துப் பிழைக்கா, அடைப்புக்குறிக்கா என்று அவள் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது அத்தையே பேசினாள்.

“பஸ் ஸ்டாண்டுல நான் கத்தினா, வண்டியை விட்டுடப் போறானேன்னு கத்தினேன். இங்க அந்த மனுஷனுக்கு எந்த வண்டி போகுது?”

“பழக்கம் அத்தை. அலமாரிக்குள்ள உங்களுக்கு ஆளே தெரியலையே.”

“ஆள் தெரியாம பேசினேன். அவர் என்னைக் கூப்பிடவும் இல்ல. கூப்பிடாத இடத்துக்குப் போய் அவர் மேல பாஞ்சிருக்கேன்.” மருமகள் பக்கம் திரும்பினாள். “அந்தக் கட்டாயத்தை எடுத்துடு.”

“எடுத்தா மறுபடியும் விருப்பம் இருந்தால் மட்டும்னுதான் வரும்.”

“வரட்டும். வேணுங்கறவங்க எப்படிக் கேட்பாங்கன்னு சொன்னே?”

“பேரைச் சொல்லிக் கேட்கணும். ஒரு எழுத்து தப்பினாலும் நீங்க வர மாட்டீங்க. அத்தைங்கறது இங்க இல்லன்னு சொல்லிட்டு அது பாட்டுக்குப் போயிடும்.”

“பேரைச் சொல்லி, எழுத்துப் பிசகாமக் கூப்பிடணும். இல்லாட்டி நான் வர மாட்டேன்.” அத்தை அதை வாயில் போட்டு மென்று பார்த்தாள். “இதை முதல் நாளே இப்படிச் சொல்லியிருக்கலாமில்ல? கட்டாயம்னா கரண்ட் கம்பி மாதிரி, எல்லார் வீட்டுலயும் இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டான். இது அழைப்பு வெச்சுக் கூப்பிடற மாதிரி இல்ல இருக்கு? அடைப்புக்குறின்னு சொல்லி என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டே.”

மருமகளுக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தன. கோப்பைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் அதை அவள் இப்படிப் படித்ததே இல்லை.

ஐந்தாம் பதிப்பில் ‘கட்டாயம் தேவை’ என்ற தலைப்பு பழையபடி மெலிந்தது. விருப்பத் தலைப்பில் மூன்று பெயர்கள் இருந்தன. தாடிக்காக ‘குரல்’. அத்தைக்காக ‘அத்தை’. கண் ஆஸ்பத்திரிக்காக அந்தப் பழைய பிழையும். எதைச் சொல்லிக் கேட்டாலும் வருவது ஒரே ஆள்தான். பிழையை விட்டுவைக்கத்தான் வேண்டுமா என்று அத்தை கேட்டாள். எடுத்தால் நாற்பது பேர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று மருமகள் சொன்னதும், “கிடக்கட்டும், போ” என்றாள். மலையிலிருந்து திரும்பிய தாடி கோப்பைப் பார்த்து, “ஒரே ஆளுக்கு மூன்று பெயர் கொஞ்சம் அதிகம்” என்று எழுதினார். கூடவே, அவருடைய அம்மா அந்தக் குரலை ஒரு தடவை முழுக்கக் கேட்க விரும்புவதாகவும் எழுதியிருந்தார்.

யார் பெயர் சொல்லிக் கேட்கப் போகிறார்கள் என்று மகனுக்கு உள்ளூரப் பயம்தான். முதலில் கேட்டது மின்தூக்கிக் கம்பெனி. அந்த அம்மையார் இறங்கிப்போன மறுநாளே வாசலில் பழையபடி தள்ளுமுள்ளு ஆரம்பித்து, இரண்டு பேர் ஒரு குடைக்காகக் கைகலந்துவிட்டார்களாம். பல் டாக்டர் கேட்கவில்லை. நூலகமும் கேட்கவில்லை. அந்த ஆராய்ச்சிக்காரர் மட்டும் தனியாக எழுதி, தன் வீட்டுக் கணினிக்கு வாங்கிக்கொண்டார். ஓய்வூதிய அலுவலகம் கேட்கவில்லை என்று தெரிந்ததும் அத்தை, “நல்லது” என்று மட்டும் சொன்னாள்.

பிறகு ஒரு கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. மகன் சத்தமாக வாசித்தான். “உங்கள் அத்தையைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினோம். மிகவும் தெளிவாக இருக்கிறார். எண்ணைக் கூப்பிட்டதும் உரிமையாளர்கள் உடனே எழுந்துவிடுகிறார்கள். நாய்கள் உடனே உட்கார்ந்துவிடுகின்றன. பிறகு எழ மறுக்கின்றன. பூனைகளிடம் எந்த மாற்றமும் இல்லை.”

“பூனை யாரை மதிச்சுது” என்றாள் அத்தை. “பாவம், நாய்க்கு எதுக்குத் திட்டு? மனுஷங்க கேட்டு வாங்கிக்கறாங்க, அது வேற. நாய்ங்களுக்குத் தனியா சொல்லித் தரேன். போர்வையை எடு.”

“அதுக்கு வேற பேர் வைக்கணுமே அத்தை.”

“யோசிச்சு வை. அவசரத்துல தட்டாதே. தட்டறதுக்கு முன்னாடி எங்க ரெண்டு பேருக்கும் வாசிச்சுக் காட்டு.”

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலமாரிக்குள் முக்காலி ஏறியது. இந்தத் தடவை மருமகளும் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கூடவே கேட்டாள். அத்தை தொண்டையைச் செருமினாள். அவள் மகனே கேட்டிராத ஒரு குரலில், மெதுவாக, “ஒண்ணு... வாடா கண்ணு, பயப்படாதே” என்று ஆரம்பித்தாள். ஒன்பதுவரை வந்தபோது, வெளியே மகன் யாரையோ விரட்டும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு நாய் கூடத்துக்குள் வந்து, அலமாரிக் கதவுக்கு முன்னால் வாலை ஆட்டிக்கொண்டு நின்றிருந்தது.